ஐந்து தாடிகள்

கெயிண்டா, குயின்ஸ்லாந்து
28 ஜூன் 2020

என் அன்பு மேவிஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். அங்கே அப்பா, அம்மா, நம் மகள் ரோலின், அண்ணன் குடும்பம் எல்லாரும் நலமா என்று எப்போதும் கேட்பேன். இந்தத் தடவை அப்படிக் கேட்கவே பயமாக இருக்கிறது. அதனால் நேராகக் கேட்கிறேன். யார் இறந்தது?

மழுப்பாமல் பதில் சொல். நெல்சன் அண்ணன் படகில் லுகன்வில் டவுனுக்குப் போன அன்று அங்கிருந்து என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் அப்போது ஏணி மேல் நின்று மாண்டரின் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் அதற்குள் அவர் ஊருக்குத் திரும்பப் படகேறிவிட்டார். ஏப்ரல் புயலில் நம் டவர் சாய்ந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. உங்கள் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகப்போகிறது.

புயலில் விழுந்த நம் நகமல் கூடத்தை மறுபடி கட்டிவிட்டீர்கள் போல. புது ஓலையைப் பார்த்ததும் அங்கே உட்கார்ந்து அப்பாவோடு ஒரு மிடறு காவா குடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் முகங்களைப் பார்த்தேன். அப்பாவுக்குத் தாடி. அண்ணனுக்குத் தாடி. சித்தப்பா மகன்கள் மூன்று பேருக்கும் தாடி. நம் ஊர் ஆம்பளை எதற்குச் சவரத்தை விடுவான் என்பது எனக்குத் தெரியாதா? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நூறு நாளைக்கு முகத்தில் கத்தி படாது, செத்தவருக்குப் பிடித்த சாப்பாடு வாயில் படாது. கோயிலில் ஜெபம் நடத்துகிற நெல்சன் அண்ணன் சும்மா இருக்கும்போது ஒரு நாளாவது முள் முகத்தோடு நின்றிருக்கிறாரா?

படத்தில் அம்மா இல்லை. ரோலின் இல்லை. ஓரத்தில் நீ பாதி தெரிகிறாய், அதனால் உன்னைப் பற்றிக் கவலையில்லை. மற்றவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன். எல்லை மூடிக் கிடக்கிறது, இவனால் வரவா முடியும், எதற்குச் சொல்லி அழவைப்பது என்று எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ஊருக்கு முதல் விமானம் அடுத்த வாரம் விடுகிறார்கள். கலேப் அதில் வருகிறான். தனிமை முகாம் முடிந்ததும் இதை உன் கையில் கொடுப்பான். கூடவே என் படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். உண்மையை எழுது.

உன்,
எஸ்மோன்


வட பெந்தகொஸ்து தீவு
26 ஜூலை 2020

அன்புள்ள ரோலின் அப்பாவுக்கு,

கலேப் வந்து சேர்ந்தான். கடிதமும் படமும் கிடைத்தன. யாரும் இறக்கவில்லை. பிளேடு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

புயலுக்கு அப்புறம் சாமான் கப்பல் இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. மிஷன் கடையில் கடைசி பிளேடு பாக்கெட் மே மாதமே தீர்ந்துவிட்டது. உப்பு இல்லை, சோப்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. இதில் உன் வீட்டு ஆண்களின் கன்னத்தைப் பற்றி யார் கவலைப்படுவது? உன் அண்ணன் முதல் ஞாயிறு வெட்கப்பட்டுக்கொண்டு கோயிலுக்கே வரமாட்டேன் என்றார். இரண்டாம் ஞாயிறு, "ஆண்டவரே தாடியோடதான் இருந்தாரு, எனக்கென்ன வந்துச்சு" என்று மைக் இல்லாமலே கத்திப் பிரசங்கம் பண்ணினார்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் செத்திருந்தா அவன்கிட்ட சொல்லாம இருப்பேனா? மொத ஆளா நானே போய்ச் சொல்லியிருப்பேன்" என்றார். ரோலினுக்கு இன்னொரு பல் விழுந்துவிட்டது. உன் அப்பா காலையில் தோட்டம், சாயங்காலம் நகமல். எல்லாரும் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். நானும் இருக்கிறேன்.

இப்போது என் முறை. கலேப்பைப் பார்த்ததும் உன்னைத்தான் அவன் முதுகுக்குப் பின்னால் தேடினேன். "அண்ணனுக்கு எடம் கெடைக்கலயா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே, "எடமெல்லாம் இருந்துச்சுக்கா. எஸ்மோன் அண்ணன்தான் பேரு குடுக்கல" என்றான். பேர் கொடுக்கவில்லையா? ஆறு மாசம் என்று சொல்லிவிட்டு ஜனவரியில் போனவன், வீடு திரும்ப விமானம் வந்து வாசலில் நிற்கும்போது பேர் கொடுக்கவில்லையா? அதைப் பற்றி உன் கடிதத்தில் மூச்சே இல்லை.

அப்புறம் அந்தப் படம். நீ கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிறாய், நல்லது. உன் தலைக்கு மேலே ஆணியில் ஒரு தொப்பி தொங்குகிறதே, அகலமாக, நீல ரிப்பன் வைத்து? அது எந்த ஆம்பளையின் தொப்பி? நானும் படத்தை உற்றுப் பார்க்கத் தெரிந்தவள்தான்.

பதிலை எதிர்பார்க்கும்,
மேவிஸ்


கெயிண்டா
14 ஆகஸ்ட் 2020

என் அன்பு மேவிஸுக்கு,

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். நம்ப முடியவில்லை. பிளேடு இல்லையென்றால் கத்தி இல்லையா? கண்ணாடிச் சில்லு இல்லையா? தாத்தா காலத்தில் என்ன பண்ணினார்கள்? ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் பிளேடு தீர்ந்ததா? பதிலை எல்லாரும் கூடி உட்கார்ந்து தயார் பண்ணின மாதிரி இருக்கிறது. அம்மா பேசினதாக நீ எழுதின பேச்சு அம்மா எப்போதும் பேசுகிற பேச்சுதான். அதை நானே எழுதிவிடுவேன், உனக்கு எழுதத் தெரியாதா?

அதனால் நானும் சவரத்தை விட்டுவிட்டேன். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்க, நான் மட்டும் வழவழப்பாகத் திரிந்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? ஆனால் யாருக்காக என்றுதான் தெரியவில்லை. எந்தச் சாப்பாட்டை விடுவது என்றும் தெரியவில்லை. அம்மாவாக இருக்குமோ என்று சேப்பங்கிழங்கை விட்டேன். அப்பாவுக்காகக் காவா. அண்ணனுக்காகக் கோழி. ரோலின் பெயரை இந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை, அவளுக்குப் பிடித்த வாழைப்பழத்தையும் தேங்காய்ப் பால் ஊற்றின லாப்லாப் அடையையும் தொடுவதில்லை. மிச்சம் இருப்பது வெள்ளை ரொட்டியும் டீயும்தான். கூட இருக்கிற பையன்கள், "யாரு செத்தாங்கன்னே தெரியாம தாடி வளக்கிற மொத ஆளு நீதாண்ணே. ரொட்டி புடிச்ச ஆளு உங்க வீட்ல யாரும் இல்லையா? இருந்தா அதையும் விட்டுட்டு நிம்மதியா பட்டினி கெட" என்கிறார்கள். சிரிக்கட்டும்.

தொப்பி இங்கே கோயிலில் பாட்டு சொல்லித் தருகிற திருமதி பெவர்லியுடையது. எழுபத்து நாலு வயது. மறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஆதாரம் வேண்டும், மேவிஸ். உன் வார்த்தை போதாது, கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஏதாவது அனுப்பட்டும். அம்மாவுக்கு எழுத வராது, அவள் பாயில் போடுகிற ஓரப் பின்னல் எனக்குத் தெரியும், ஒரு துண்டு பின்னிக் கொடுக்கட்டும். அப்பா பெயராவது எழுதுவார். அதைப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

உன்,
எஸ்மோன்


வட பெந்தகொஸ்து
30 ஆகஸ்ட் 2020

ரோலின் அப்பாவுக்கு,

உன் தாடி எங்களுக்கு என்ன வேலை வைத்தது என்று தெரியுமா?

இரண்டாவது விமானத்தில் வந்த பையன்கள் ஊருக்குள் கால் வைத்ததும் சொன்ன முதல் செய்தி, எஸ்மோன் நெஞ்சு வரைக்கும் தாடி விட்டிருக்கிறான் என்பது. நெஞ்சு வரைக்கும் எப்படி ஒரு மாதத்தில் வளரும் என்று யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே லினெட் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "அக்கா, அங்க யாரு போயிட்டா? என் வீட்டுக்காரரா? மறைக்காதீங்கக்கா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். புருஷனைத் தோட்ட வேலைக்கு அனுப்பின அத்தனை பேரும் என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்கள். தோட்டத்துக்காரன் சாவை மறைக்கிறான், எஸ்மோன் தாடியால் சேதி சொல்கிறான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நம் வீட்டில் சாவு என்று நினைத்துத்தான் நீ அங்கே தாடி விட்டிருக்கிறாய், இங்கே யாரும் சாகவில்லை என்று நான் சொல்கிறேன், ஒருத்தியும் நம்பவில்லை. அப்போதுதான் எனக்கே உன் நிலைமை கொஞ்சம் புரிந்தது. ஆனாலும் கோபம் தீரவில்லை. ஒழுங்காக முகத்தைச் சவரம் பண்ணு.

நீ கேட்ட ஆதாரம் இத்துடன் இருக்கிறது. நெல்சன் அண்ணன் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார், பாதி வேத வசனம். ரோலின் கையைத் தாளில் வைத்து வரைந்திருக்கிறாள், விழுந்த பல்லையும் ஒட்டியிருக்கிறாள். உன் அம்மா நாலு நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து பின்னினார். துணியில் வைத்து அவரே தைத்துக் கொடுத்தார். "அவன் ஆதாரம் கேட்டான்ல, இதக் குடு. நீ பிரிக்காத" என்றார். நான் பிரிக்கவில்லை.

உன் அப்பா ஒன்றும் தரவில்லை. மாமனார் மருமகளிடம் நேராகப் பேசுகிற வழக்கம் நமக்கு இல்லையே, நகமலிலிருந்து உன் அம்மாவைப் பார்த்துக் கத்தியது என் காதில் விழுந்தது. "நான் உசுரோட இருக்கேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? சந்தேகம் இருந்தா வந்து பாக்கச் சொல்லு!" அந்தச் சத்தத்தை எழுத்தில் அனுப்ப முடிந்தால் அதுவே ஆதாரம். போன வாரம் கப்பல் வந்தது, பிளேடும் வந்தது. நாலு பேரும் அன்றைக்கே மழித்துவிட்டார்கள். உன் அப்பா மட்டும் தாடியோடுதான் இருக்கிறார். உன் மேல் உள்ள கோபத்தில் இருக்கும்.

பெவர்லி அம்மாவுக்கு எழுபத்து நாலு வயதில் நீல ரிப்பன் என்ன கேடு? விமானத்துக்கு ஏன் பேர் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை. நீ ஒரு கடிதம் முழுக்க என்னைக் குறுக்கு விசாரணை பண்ணினாய். அதில் எங்கேயும், மேவிஸ், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை.

மேவிஸ்


கெயிண்டா
20 செப்டம்பர் 2020

மேவிஸ்,

பார்சல் வியாழக்கிழமை வந்தது. அண்ணன் எழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ரோலின் கைமேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அப்பா கத்தினதாக நீ எழுதியதை எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். இதை யாராலும் கற்பனை பண்ணி எழுத முடியாது என்று பையன்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, பாட்டுப் பாடி மழித்துவிட்டார்கள். லினெட் வீட்டுக்காரன்தான் கத்தி பிடித்தான். அவன் நன்றாக இருக்கிறான் என்று அவளிடம் சொல். ராத்திரி ஒரு முழுக் கோழி சாப்பிட்டேன்.

தொப்பி விஷயத்தில் பொய் சொன்னேன். அது என்னுடையது. என் பழைய தொப்பி கிழிந்துவிட்டது, கோயில்காரர்கள் நடத்துகிற பழைய சாமான் கடையில் பெண்கள் தொப்பிதான் மிச்சம் இருந்தது. தினமும் அதை மாட்டிக்கொண்டுதான் ஏணி ஏறுகிறேன். பையன்கள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

விமானத்துக்குப் பேர் கொடுக்காததற்குக் காரணம் இதைவிட வெட்கமானது. அந்தப் படம் வந்த மறுநாள்தான் பேர் கேட்டார்கள். படகை விட்டு இறங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் புது மண்மேட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் இங்கே இருக்கிற வரைக்கும் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உன்மேல் அன்பு இல்லாமல் இல்லை.

அம்மா கொடுத்ததைக் கடைசியில் பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். மழித்து, சாப்பிட்டு, எல்லாரும் படுக்கப் போனதும் பிரித்தேன். நான் கேட்டது ஓரப் பின்னலில் ஒரு துண்டு. அம்மா அனுப்பியிருப்பது முழுப் பாய். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் நீளம். ஆனால் நாலு ஓரமும் முடிந்திருக்கிறது, சிவப்புச் சாயம் ஏற்றியிருக்கிறது. மாதிரி காட்டுவதற்கு யாரும் சாயம் காய்ச்ச மாட்டார்கள். சிவப்புப் பாயை நாம் எப்போது எடுப்போம், யாரைச் சுற்றிப் புதைப்போம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுபடியும் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை ஆண்களைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நிற்கிற உன்னைப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிறார்கள், நீ சிரிக்கவில்லை. கையை வயிற்றின் மேல் வைத்திருக்கிறாய்.

மேவிஸ், இவ்வளவு சின்னப் பாயில் யாரைப் படுக்க வைத்தீர்கள்? நீ எப்படி இருக்கிறாய்?

எஸ்மோன்


வட பெந்தகொஸ்து
11 அக்டோபர் 2020

என் எஸ்மோன்,

உன் அம்மாவிடம் போய் உன் கடிதத்தைக் காட்டினேன். "ரெண்டு பாய் பின்னினேன். ஒண்ணு அவன்கூட மண்ணுக்குள்ள போச்சு. இன்னொண்ணு அவங்கப்பனுக்கு. எத்தன நாளைக்கு நீ ஒருத்தியே சுமப்ப?" என்றார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

பையன். நீ போன அடுத்த மாதம்தான் எனக்கே தெரிந்தது. ரோலினுக்கு அப்புறம் எட்டு வருஷமாக ஒன்றும் தங்கவில்லை, உனக்குத் தெரியும். டவர் இருந்த காலத்தில் குன்றுமேல் ஏறி நின்று பேசினால் பக்கத்தில் பத்துக் காது இருக்கும். அவர்கள் நடுவில் இதைச் சொல்ல மனசு வரவில்லை. ஜூலையில் நீ படகிலிருந்து இறங்கும்போது வயிற்றைப் பார்த்து உன் முகம் எப்படி மாறும் என்று தினமும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்லையை மூடினார்கள், புயல் வந்தது, மருந்தகத்தின் கூரை போனது, நர்ஸ் மறுகரைக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயும் உடைந்து ஓடையிலிருந்து சுமந்தோம். மே மாதக் கடைசியில் ஒரு காலையில் வலி வந்தது. அவன் வரக்கூடாத நேரத்தில் வந்தான். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, அழவில்லை. உன் காதுகள் அவனுக்கு.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று யாரும் கூடிப் பேசவில்லை. நான்தான் சொல்லவில்லை. ஒரு குழந்தை இருக்கிறது என்று சொல்லாமலே, இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுத எனக்கு வரவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. யார் யாரோ செத்துவிட்டதாக நீ சந்தேகப்பட்டாய். எல்லார் முகத்தையும் எண்ணினாய். முகத்தில் முடி முளைக்காதவளை நீ எண்ணவில்லை. எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இப்போது இல்லை. கடைசி வரியில் நீ கேட்டுவிட்டாய்.

பெயர் வைக்காத பிள்ளைக்கு ஆண்கள் தாடி விடுகிற வழக்கம் நமக்கு இல்லை. நூறாம் நாள் விருந்தும் இல்லை. ஆனால் நான் என் பாட்டுக்கு எண்ணினேன். அவன் வயிற்றில் இருந்தபோது ஓயாமல் கேட்டது தணலில் சுட்ட சீமைப்பலா, அதை வாயில் வைப்பதில்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பரில் அந்த நூறாம் நாள் வந்தது. விடிந்து கதவைத் திறக்கிறேன், வாசல் கல்லில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். என் பக்கம் திரும்பவில்லை. ஒரு மரச் சட்டியில் தண்ணீர், பக்கத்தில் நீ விட்டுப் போன ரேசர். மெதுவாக, கண்ணாடிகூட இல்லாமல், தாடி முழுவதையும் மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். முடித்து, ரேசரைக் கழுவி, கல்மேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து தாடியும் பிளேடு இல்லாமல் வளர்ந்தது என்று உனக்குச் சத்தியம் பண்ணாத குறையாக எழுதினேனே, அது பொய் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாலுதான் பிளேடு இல்லாமல் வளர்ந்தது. நீ சந்தேகப்பட்டது சரிதான்.

இங்கே வராத வரைக்கும் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கேயே இருந்தாலும் அவன் இல்லை, எஸ்மோன். வந்தால் நானாவது இருக்கிறேன். அடுத்த விமானத்துக்குப் பேர் கொடு. இந்தத் தடவை கொடுக்கவில்லையென்றால் நான் இனிமேல் காரணம் கேட்கமாட்டேன், கடிதமும் எழுதமாட்டேன்.

உன் நூறு நாள் இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற அன்றைக்குத் தொடங்கட்டும். வழக்கம் இல்லையென்று யாராவது சொன்னால் உன் அப்பாவைக் கேட்கச் சொல். விடுவதற்கு அங்கே சீமைப்பலா இல்லை, அதனால் ரொட்டியும் கோழியும் நன்றாகச் சாப்பிடு. முகத்தில் மட்டும் கத்தி வைக்காதே. ரேசர் என்னிடம் இருக்கிறது. உன் நாள் முடிகிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் மரம் காய்த்திருக்கும். நீ ஏறிப் பறித்துச் சுட்டுக் கொடு, நான் சாப்பிடுகிறேன்.

வரும்போது அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கு. தாடிக்கு நடுவில் உன்னை அடையாளம் தெரிய வேண்டும்.

உன் மேவிஸ்